பராத் திருத்திய படிவம்

செவ்வாய்க்கிழமை எனக்குச் செஷ்மேசார். தடுப்பூசிப் பெட்டியைப் பின்சீட்டில் வைத்துக் கட்டி, பீர்ஜந்து டவுனிலிருந்து ஏழு மணிக்கு வண்டியை எடுத்தால் எட்டே காலுக்கு ஊர் வந்துவிடும். பதினாறு வருஷமாக இதே ரோடு. கடைசி மேட்டில் ஏறியதும் கீழே சுகாதார நிலையத்தின் வெள்ளைச் சுவர் தெரியும். அதை ஒட்டினாற்போல எஸ்மத்தின் வீடு. வீட்டைச் சுற்றி முள்ளும் புளிப்புப் பழமுமாக ஸெரெஷ்க் புதர்கள், அதற்கும் கீழே குங்குமப்பூப் பாத்திகள்.

எஸ்மத் அந்த ஊர்ப் பெண்தான். பதினெட்டு வருஷமாக அந்த ஊருக்கும் பக்கத்து மூன்று குக்கிராமங்களுக்கும் அவள்தான் சுகாதாரப் பணியாளர். டாக்டர் மாதத்துக்கு இரண்டு தடவை வந்து போவார். மற்ற நாளெல்லாம் ஊசி, எடை, பிரஷர், சர்க்கரை, கர்ப்பிணிகள் எல்லாம் அவள் தலையில். யார் வீட்டுக் குழந்தை எந்தத் தேதியில் பிறந்தது என்று பதிவேட்டைத் திறக்காமலே சொல்வாள். ஊசி போடுகிறபோது தாயிடம் மாமியார் கதையைக் கேட்டுக்கொண்டே போட்டுவிடுவாள். தாயும் கதையில் இருப்பாள், பிள்ளையும் அழ மறந்துவிடும். என் வண்டி நிலைய வாசலில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றதில்லை.

இதெல்லாம் அந்த ஒரு குளிர்காலத்துக்கு முன்னால்.

நஸ்தரன் என்று ஒரு பெண், இருபத்தாறு வயது. ஆட்டுக்காரன் யாகூப்பின் மனைவி. முதல் பிள்ளை, எட்டாவது மாதம். ஒரு புதன்கிழமை காலையில் எஸ்மத் அவளுக்குப் பிரஷர் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை. "நாளைக்கு டவுனுக்குப் போய் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துரு" என்றாள். விதிப்படி அதுதான் சரி. அன்று மத்தியானமே பனி பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் மேட்டு ரோடு மூடிக் கிடந்தது; அதற்குள் அவளுக்குப் பிரஷர் எகிறிவிட்டது. மூன்றாம் நாள் பனி தள்ளும் இயந்திரத்தின் பின்னாலேயே ஊர்ந்து போய் அவளை நான்தான் வண்டியில் ஏற்றினேன். எஸ்மத் பின்சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நஸ்தரன் பிழைத்தாள். வயிற்றிலிருந்த பெண் குழந்தை பிழைக்கவில்லை.

விசாரணை நடந்தது. எஸ்மத் மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நஸ்தரனும் யாகூப்பும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் அண்ணே" என்று எஸ்மத்தின் புருஷன் பராத் என்னிடம் ஒரு தடவை சொன்னான். "யாராச்சும் வாசல்ல நின்னு வஞ்சிருந்தா, இவளும் பதிலுக்கு வஞ்சிருப்பா. அதோட முடிஞ்சிருக்கும். இப்ப தன்னையே வஞ்சுக்கிட்டு இருக்கா. அதுக்கு முடிவு ஏது?"

வசந்தம் வந்ததும் நான் கவனிக்க ஆரம்பித்தேன். எஸ்மத் ஒரு ஆளுக்கு மூன்று தடவை பிரஷர் பார்த்தாள். முதலில் வலது கை, பிறகு இடது கை, ஐந்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி வலது கை. ஒரு தாளில் எழுதி, பதிவேட்டில் ஏற்றி, பிறகு தாளையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஒத்துப் பார்த்தாள். தடுப்பூசி ஃப்ரிட்ஜின் வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்தால் போதும். அவள் மணிக்கு ஒரு தடவை பார்த்தாள். வாசலில் கிழவர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள்.

"எஸ்மத்து, இந்தக் கையில இருக்கிற ரத்தம்தான் அந்தக் கைக்கும் போகுது. ரெண்டும் வேற வேற கிணறு இல்லம்மா" என்று ஹபீபுல்லா கிழவர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். எஸ்மத் சிரிக்க மாட்டாள். கையை நீட்டச் சொல்வாள்.

இரண்டு குழந்தைக்கு ஊசி போட்டு முடிக்க மத்தியானம் ஆனது. குக்கிராமங்களுக்கு வீடு வீடாகப் போக வேண்டிய வேலை நின்றுபோனது. கோடைக் கடைசியில் மேற்பார்வையாளர் அம்மா, நாங்கள் மரியாதையாக 'வஸீரி கானும்' என்று கூப்பிடுபவர், வந்து பதிவேடுகளைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டார். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. பதினெட்டு வருஷத்தில் எஸ்மத் தொண்ணூறுக்குக் கீழே வாங்கியதில்லை. அடுத்த தடவையும் இப்படியென்றால் வேறு ஊருக்கு மாற்றுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"என்ன எஸ்மத், வேலையில மனசு இல்லையா?" என்று வஸீரி கானும் வண்டியில் ஏறும்போது கேட்டார்.

"வேலையில மட்டுந்தான் கானும் மனசு இருக்கு" என்றாள் எஸ்மத்.

அது பதில் மாதிரி இருந்ததால் கானும் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்கும் அன்று ஒன்றும் உறைக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் அந்தப் படிவம் வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து யாரோ ஆராய்ச்சி செய்கிறார்களாம். நான்கு பக்கம், நாற்பது கேள்வி. மேலே 'சுகாதாரப் பணியாளர்களின் மனநலமும் பணித்திறனும்' என்று அச்சடித்திருந்தது. பதினோரு ஊருக்கும் கொடுத்து வாங்கி வர வேண்டியது என் வேலை. பேர் எழுத வேண்டியதில்லை, ஊர் எண் மட்டும் போதும்.

செஷ்மேசாருக்குப் போன செவ்வாய்க்கிழமை நிலையத்தில் கூட்டம் முடிய நாலு மணி ஆகிவிட்டது. பராத் வந்து, "சாப்பிடாம போகாதீங்க அண்ணே" என்று வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். வெங்காயம் வதக்கி, காய்ந்த மோர்க்கட்டியைக் கரைத்து, முட்டை உடைத்து ஊற்றிய எஷ்கெனே. ரொட்டியைப் பிய்த்து அதில் ஊறப்போட்டுச் சாப்பிட்டோம். எஸ்மத் படிவத்தை நிரப்பி என் பக்கத்தில் வைத்தாள்.

"ஃப்ரிட்ஜ் கதவச் சாத்துனேனான்னு பாத்துட்டு வந்துர்றேன்" என்று எழுந்தாள்.

"இப்பத்தானேம்மா பாத்துட்டு வந்தே" என்றாள் மகள் மஹ்ரூக். பதினாறு வயது அவளுக்கு.

"பாத்தா என்ன? இன்னொரு தடவை பாக்குறேன்." போய்விட்டாள்.

பராத் கையைத் துடைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான்.

"அண்ணே, இதக் கேளுங்க. 'கடந்த ஒரு மாதத்தில் நிம்மதியாகத் தூங்கினேன்.' எதுல டிக் போட்டிருக்கா தெரியுமா? 'எப்போதும்'! பக்கத்துல படுக்கிறவன் நானு. எனக்குத் தெரியாம இவ எப்ப தூங்குனா?"

"எல்லாரும் அப்படித்தான்யா போடுறாங்க. ஒன்பது ஊர்த் தாள் வண்டியில கெடக்கு. ஒன்பதுலயும் எல்லாரும் நல்லாத்தான் தூங்குறாங்க."

"அப்ப நம்ம ஜில்லாவுல வைத்தியம் பாக்குறவங்க பூரா தூங்கிட்டேதான் இருக்காங்க." அடுத்த பக்கத்தைத் திருப்பினான். "'வீட்டில் உள்ளவர்களோடு சிரித்துப் பேசுகிறேன்.' அடிக்கடியாம். மஹ்ரூக், உங்கம்மா கடைசியா எப்ப சிரிச்சா?"

மஹ்ரூக் யோசித்தாள். "கோழி உங்க தொப்பிக்குள்ள முட்ட போட்டுச்சே, அன்னிக்கு."

"அது நோன்புக்கு முந்தி!" பராத் காதிலிருந்த பென்சிலை எடுத்தான். பாத்திக் கணக்கு எழுதுகிற பென்சில். "இது பொய்த் தாளு அண்ணே. நான் திருத்தப் போறேன்."

"ஏய், அரசாங்கத் தாளுய்யா அது."

"இருக்கட்டும். அரசாங்கத்துக்குத் தெரியணுமா வேண்டாமா?"

"தெரிஞ்சா புத்தி சரியில்லன்னு எழுதி வேலைய விட்டுத் தூக்கிட்டா?"

பென்சில் நின்றது. பராத் வாசலைப் பார்த்தான். எஸ்மத் நிலையத்தின் கதவைப் பூட்டிவிட்டு, நாலு எட்டு வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கட்டும். ஸெரெஷ்க் பறிச்சு, பூப்பறிச்சுப் பொழச்சுக்குவோம். இவ இப்படியே போனா அப்புறம் வேலை எதுக்கு, வீடு எதுக்கு?" என்றான்.

அவள் மறுபடி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவதற்குள் இருபது கேள்விக்காவது திருத்திவிட்டான். பேனா டிக்குகளின் மேல் பெரிய பெரிய பென்சில் பெருக்கல் குறிகள். கடைசிப் பக்கத்தின் அடியில் கோணல் எழுத்தில், 'மேலே உள்ளது அவள் சொன்னது. பென்சில் நான் போட்டது. பென்சில்தான் நிசம். புருஷன் பராத்' என்று எழுதி, மடித்து என் சட்டைப் பையில் சொருகினான்.

மேட்டில் ஏறியதும் வண்டியை ஓரங்கட்டி அதை இரண்டு தடவை படித்தேன். தொலைத்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. பனிக்குப் பின்னால் ஊர்ந்த அந்த நாளில் எஸ்மத் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த முகம் நினைவுக்கு வந்தது. மற்றத் தாள்களோடு அதையும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து வஸீரி கானும் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் அந்தத் தாள் இருந்தது.

"ரஜபலி, இது உங்களுக்குத் தெரிஞ்சுதான் வந்துச்சா?"

"ஆமா கானும்."

"பதினோரு தாள்ல ஒண்ணே ஒண்ணுதான் படிக்கிற மாதிரி இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் ஒரு தாள் வந்துச்சு. நானும் 'எப்போதும்', 'எப்போதும்'னு போட்டுத்தான் அனுப்பினேன். வண்டிய எடுங்க."

எஸ்மத்துக்கு விஷயம் தெரிந்தபோது முகம் சிவந்து வெளுத்தது. பராத்தை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு மேல் அவனோடு பேசவில்லையாம்; சாப்பாட்டைக்கூட மஹ்ரூக்கிடம் சொல்லித்தான் வைத்தாளாம். அன்று வஸீரி கானுமிடம் மட்டும், "எழுதிட்டுப் போங்க. எனக்குப் பைத்தியம்னு எழுதிட்டுப் போங்க" என்றாள்.

"உனக்கு லீவுன்னு எழுதியிருக்கேன்" என்றார் வஸீரி கானும். "ஒரு மாசம். பக்கத்து ஊர் நவ்ரூஸ்அலி வந்து பாத்துக்குவான். வாரம் ஒரு நாள் டவுன்ல மனநல ஆலோசகர்கிட்ட வரணும். ரஜபலி கூட்டிட்டு வருவார். அப்புறம், அந்த ஐம்பத்தெட்டு இருக்கே, அது நான் அவசரப்பட்டுப் போட்டது. ஏன்னு கேட்டுட்டுப் போட்டிருக்கணும்."

"நவ்ரூஸ்அலி வெப்பமானியப் பாக்க மறந்துருவான்."

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மறக்க மாட்டான்."

முதல் வாரம் எஸ்மத் ஆலோசகரின் அறையில் ஒரு மணி நேரம் இருந்தாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. திரும்பும்போது, "அண்ணே, அந்தப் பொண்ணு நான் பேசப் பேசக் கடிகாரத்தையே பாக்கல" என்று மட்டும் சொன்னாள். இரண்டாவது வாரம் திரும்பும்போது மேட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அழுதாள். வேறு வண்டி எதுவும் வராமல் நான் பார்த்துக்கொண்டேன்.

அதற்குள் குங்குமப்பூ வந்துவிட்டது. பூவுக்கு லீவு கிடையாது. வெயில் ஏறிவிட்டால் இதழ் விரிந்து வாடிவிடும். பொழுது விடியும்போதே பாத்தியில் இருக்க வேண்டும். பராத், மஹ்ரூக், எஸ்மத் மூவரும் குனிந்து குனிந்து ஊதாப் பூக்களைக் கூடையில் போட்டார்கள். அத்தனை வருஷம் அந்த நேரத்தில் நிலையத்தைத் திறக்க ஓடியவள், இந்த வருஷம் பாத்தியின் கடைசி வரிசைவரை நின்றாள். முதுகு வலிக்கிறது என்று புருஷனை வைதாளாம். அந்த மௌனம் அப்படித்தான் உடைந்தது.

"வஞ்சுட்டா அண்ணே!" என்று பராத் என்னிடம் பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரிச் சொன்னான்.

பறித்த பூவை அன்றைக்கே பிரிக்க வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிவாக்கில் நான் போனபோது வீட்டுக் கூடத்தில் துணி விரித்து, நடுவில் பூவைக் குவித்து, ஏழெட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பூவாக எடுத்து, உள்ளிருக்கும் மூன்று சிவப்பு இழைகளை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டுப் பூவை வீசினார்கள். விரல்களெல்லாம் மஞ்சள். நான் வாசலோரம் தேநீரோடு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நஸ்தரன் வந்தாள். கனத்த கம்பளிச் சால்வையைச் சுற்றியிருந்தாள். எஸ்மத் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தாள்.

நஸ்தரன் அவள் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து, பூ கிள்ளத் தொடங்கினாள். ஒரு கை அளவு கிள்ளிய பிறகு, தலையைத் தூக்காமல், "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே?" என்றாள்.

"சொல்லு."

"எனக்கு அஞ்சாவது மாசம்."

எஸ்மத் அவள் சால்வையைப் பார்த்தாள்.

"அஞ்சா? அஞ்சு மாசமா என்கிட்ட வரவே இல்லையேடி! யார்கிட்ட காட்டுன?"

"யார்கிட்டயும் இல்ல."

"ஏன்டி?"

"உங்களுக்குப் பயந்துதான்." நஸ்தரன் இன்னொரு பூவை எடுத்தாள். "மூணு தடவை பட்டையச் சுத்துறீங்க. ஒவ்வொரு தடவையும் உங்க முகம் போற போக்கப் பாத்தா, உள்ள இருக்கிறது செத்துருச்சோன்னு எனக்குத் தோணுது. ஹபீபுல்லா தாத்தாவுக்கே அப்படிப் பாத்தீங்க. எனக்கு எப்படிப் பாப்பீங்க? உங்களப் பாத்தா அந்தப் பிள்ள நெனப்புத்தான் வருது. என்னைப் பாத்தா உங்களுக்கும் அதான் வருது. அதான் வரல."

மஹ்ரூக் எழுந்து போய்த் தேநீர்க் கெண்டியைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தாள். எஸ்மத் மஞ்சள் விரல்களைத் துணியில் துடைத்தாள்.

"அன்னிக்கு நான் ஒரு தடவதான் பாத்தேன் நஸ்தரன். இன்னொரு தடவ பாத்திருந்தா..."

"இன்னொரு தடவ பாத்திருந்தாலும் பனி பெஞ்சிருக்கும் அக்கா."

அவள் ஆறுதலாகச் சொல்லவில்லை. சலிப்போடு, கொஞ்சம் எரிச்சலோடுகூடச் சொன்னாள். "நீங்க நாளைக்குன்னு சொன்னீங்க. நான் அன்னிக்கே போயிருக்கலாம். யாகூப் ஆட்டப் பத்திட்டுப் போயிருந்தாரு, சாயங்காலம் வரட்டும்னு இருந்துட்டேன். எனக்கும் இருக்கு. நீங்க மட்டும் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா எப்படி?"

எஸ்மத் அழுதாள். நஸ்தரனும் அழுதாள். மற்றப் பெண்கள் பூக்கிள்ளுவதை நிறுத்தாமல் அழுதார்கள், பூ காத்திருக்காது. பத்து மாதமாக அந்த ஊரில் யாரும் அந்தக் குழந்தைக்காக வாய்விட்டு அழுததை நான் பார்த்ததில்லை.

பிறகு எஸ்மத் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "வா" என்றாள்.

லீவில் இருப்பவள் நிலையத்துக்குள் போகக்கூடாது. நவ்ரூஸ்அலி நல்லவன், எங்களைப் பார்த்ததும், "எனக்குக் கொஞ்சம் வெளியில வேலை இருக்கு" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றான். காலிப் பெட்டியை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் நான் உள்ளே இருந்தேன்.

நஸ்தரன் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். எஸ்மத் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, மெதுவாக இறக்கினாள். "நூத்திப் பத்து, எழுபது" என்றாள். அவள் கை தானாகவே மறுபடியும் காற்றுப் பந்துக்குப் போயிற்று. நஸ்தரன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ்மத் பந்தை விட்டுவிட்டுப் பட்டையைப் பிரித்துச் சுருட்டினாள். முகத்தில் வியர்வை.

"நல்லாருக்கு" என்றாள். "அடுத்த வாரம் வா. அதுக்கு முந்தி வந்தாலும் பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"அக்கா, ஓட்டமா வந்தாலும் பாக்க மாட்டீங்களா?"

"ஓடுறவளுக்கு என்ன பிரஷர் பாக்குறது? போடி."

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். லீவு முடிந்து திரும்பிய முதல் செவ்வாய்க்கிழமை ஹபீபுல்லா கிழவருக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டாள். கிழவர், "போன தடவ மூணு, இப்ப ரெண்டு. முன்னேற்றந்தான்" என்றார். அவளே முதலில் சிரித்தாள். சில நாள் நான் வண்டியை எடுக்கும்போது, "அண்ணே, பூட்டுனேன்ல?" என்பாள். "பூட்டுன" என்பேன். அதோடு விட்டுவிடுவாள். டவுனுக்கு வாரம் ஒரு தடவை என்பது மாதம் ஒரு தடவை ஆயிற்று. குக்கிராமங்களுக்கு மறுபடி போகத் தொடங்கினாள். நான் பெட்டியை இறக்கிவிட்டுத் தேநீர் குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது.

பனிக்காலம் தொடங்கியதும் எஸ்மத் ஒரு முடிவு எடுத்தாள். யாகூப்பை வரவழைத்து, "ஏழு மாசம் முடிஞ்சதும் நஸ்தரன் டவுன்ல உன் சித்தப்பா வீட்டுக்குப் போயிரணும். பனி விட்டாலும் பெஞ்சாலும் அங்கதான்" என்றாள்.

"அவ்வளவு நாள் அங்க இருந்தா ஊர்ல என்ன சொல்லுவாங்க அக்கா?"

"நான் சொன்னேன்னு சொல்லு. பெட்டியக் கட்டு." ஒரே தடவைதான் சொன்னாள்.

அந்த வருஷமும் மேட்டு ரோடு மூன்று தடவை மூடியது. நஸ்தரன் சித்தப்பா வீட்டில் இலந்தைப்பழம் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வசந்தப் பெருநாளின் பதின்மூன்றாம் நாள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஊரே பாயும் அடுப்பும் எடுத்துக்கொண்டு பச்சை தெரிகிற இடத்துக்குப் போய்விடும். அன்று காலையில்தான் நஸ்தரனுக்கு வலி எடுத்தது. எஸ்மத்தையும் பராத்தையும் நான்தான் கூட்டி வந்தேன். எஸ்மத்தை உள்ளே விட்டார்கள். நாங்கள் மூன்று ஆண்களும் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த புல்தரையில் உட்கார்ந்தோம். அங்கேயும் இரண்டு குடும்பங்கள் பாய் விரித்து அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

மத்தியானம் எஸ்மத் வெளியே வந்தாள். யாகூப் எழுந்து நின்றான்.

"பையன்" என்றாள். "மூணு கிலோ இருநூறு. அழுதான்யா, அந்தக் கட்டடமே கேக்குற மாதிரி அழுதான். அவளும் நல்லாருக்கா. போ, போய்ப் பாரு."

யாகூப் ஓடினான். எஸ்மத் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்தாள். "ஏதாச்சும் சாப்பிட இருக்கா? உசுரு போற பசி" என்றாள். நாங்கள் ஒன்றும் கொண்டுவரவில்லை. பக்கத்துப் பாயிலிருந்த அம்மாள் அதைக் கேட்டுவிட்டு, கீரையும் பயறும் போட்ட கெட்டிக் கஞ்சியைப் பெரிய கிண்ணம் நிறைய ஊற்றி, வறுத்த வெங்காயத்தைத் தூவி நீட்டினாள். எஸ்மத் பராத்துக்குக்கூடக் கொடுக்காமல் முழுக்கக் குடித்தாள்.

"ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கீங்க" என்றாள் அந்த அம்மாள் பரிவோடு. "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

எஸ்மத் பராத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மேலே ஜன்னலிலிருந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்த யாகூப்பைப் பார்த்தாள்.

"யாருக்கும் இல்லம்மா" என்று சொல்லிக் கிண்ணத்தை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."